மெதுவாக வளரும் கறிக்கோழி: தப்பு எங்கெல்லாம் நடக்கிறது?

பிராய்லர் கோழி 40 நாளில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடுகிறது. நெஞ்சுக்கறி ஏறுகிற வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்க முடிவதில்லை. கால் மடங்கி உட்கார்ந்துவிடும் கோழி, வயிற்றில் நீர் கோத்துச் சாகும் கோழி, தின்றுகொண்டிருக்கும்போதே மல்லாந்து விழும் கோழி எல்லாம் பிராய்லர் கொட்டகையில் பார்க்கக்கூடியவைதான். இது வேண்டாம் என்று மெதுவாக வளரும் இனத்துக்கு மாறுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிரான்சில் லேபிள் ரூஜ் முத்திரை பெறும் கோழி குறைந்தது 81 நாள் வளர்ந்திருக்க வேண்டும், வெளியே மேய இடமும் வேண்டும். நம்மூரில் அந்த இடத்தை நாட்டுக்கோழி பிடித்திருக்கிறது.

மாறுவது நல்லதுதான். ஆனால் நாட்டுக்கோழி நம்மோடு மூன்று, நான்கு மாதம் இருக்கப்போகிறது. 40 நாள் கோழிக்கு வராத நோயும் செலவும் இதற்கு வரும். "நாட்டுக்கோழிதானே, அது பாட்டுக்கு வளரும்" என்கிற எண்ணத்தில்தான் முக்கால்வாசி நஷ்டம் ஆரம்பிக்கிறது.

முதல் தவறு குஞ்சு வாங்கும்போதே நடந்துவிடும். நாட்டுக்கோழிக் குஞ்சு என்ற பெயரில் சிறுவிடை என்கிற சின்ன நாட்டு இனம் சுத்தமாகவும் வரும், அசில் என்கிற சண்டைக்கோழி இனம் கலந்த கிராஸும் வரும், சில நேரம் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சும் வரும். ஒரு நாள் குஞ்சாக இருக்கும்போது பிரித்துப் பார்ப்பது பழகியவருக்கே கஷ்டம். சிறுவிடை ஒரு கிலோ ஏற நான்கைந்து மாதம் எடுக்கும். நல்ல கிராஸ் அதைவிடச் சீக்கிரம் வரும். வனராஜா, நாமக்கல் கோழி-1 போன்றவை புறக்கடை வளர்ப்புக்கென்றே ஆராய்ச்சி நிலையங்களில் உருவாக்கிய இனங்கள். எதுவும் மட்டமில்லை, ஆனால் எது நம் கையில் இருக்கிறது என்று தெரியாமல் தீவனக் கணக்குப் போட முடியாது. தாய்க்கோழிகளைக் காட்டாத இடத்தில் குஞ்சு வாங்காதீர்கள்.

அங்கேயே இன்னொன்றையும் கேளுங்கள்: மேரக்ஸ் தடுப்பூசி போட்டாயிற்றா? இதைப் பலர் கேட்பதே இல்லை. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டியபடி கோழி வாதம் வந்து கிடக்கிறதே, அந்த நோய். பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு மேல்தான் தலைகாட்டும் என்பதால் பிராய்லர்காரர் இதற்கு அதிகம் பயப்படுவதில்லை. நாம் பயப்பட வேண்டும். பொரித்த அன்றே பொரிப்பகத்தில் போட வேண்டிய ஊசி இது. பிறகு போட்டால் பலன் குறைவு. நோய் வந்துவிட்டால் மருந்தும் கிடையாது.

அடுத்தது ப்ரூடர், அதாவது குஞ்சுகளைச் சூடாக வைத்திருக்கும் இடம். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு ஐந்து ஐந்து டிகிரியாகக் குறைக்கலாம். குஞ்சுக்கு இரண்டு வாட் என்று குண்டு பல்பு போடுவது வழக்கம். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடைந்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாய் திறந்தால் சூடு, வட்டம் முழுக்கப் பரவி மேய்ந்தால் சரியாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு கரன்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு, குஞ்சு வருவதற்கு முன்பே ஒரு வழி இருக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல்தான் பெரிய எமன். நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், ஊசி வேண்டாம் என்று நம்பியவர்களின் கொட்டகை ஒரே வாரத்தில் காலியாகியிருக்கிறது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காவது வாரத்தை ஒட்டி லசோட்டா என்கிற தடுப்பு மருந்து குடிதண்ணீரில், எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது பொதுவான முறை. நடுவில், குஞ்சின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்கும் தடுப்பு மருந்து உண்டு. உங்கள் பகுதிக்கான அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிராய்லர் அட்டவணையையே பின்பற்றினால் எட்டாவது வார ஊசி அதில் இருக்காது.

ஊசி போட்டும் செத்துப்போச்சு என்கிறவர்களிடம் மருந்து எப்படி வந்தது என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். இது உயிருள்ள வைரஸ் மருந்து. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தால் வெறும் தண்ணீர்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலந்தாலும் அதே கதி. ஐஸ் பெட்டி, கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர், விடிகாலை நேரம், இவ்வளவு போதும். கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும்படி அளவு பாருங்கள்.

தீவனத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. விற்பனை வரை பிராய்லர் தீவனமே போடுவது ஒன்று. அந்த வேகத்தில் வளர இந்தக் கோழியின் மரபில் இடமில்லை, மிச்சமாவது வயிற்றுக் கொழுப்பாகப் படியும். இன்னொன்று, அசோலா என்கிற நீர்ப்பாசியையும் கீரையையும் நம்பித் தீவனத்தை நிறுத்துவது. அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ அள்ளிப் போட்டால் காய்ந்த கணக்கில் நூறு கிராம்கூடத் தேறாது. தொட்டுக்கொள்ள நல்லது, சோறாகாது. முதல் ஆறு முதல் எட்டு வாரம் 20 சதவீதப் புரதத்தோடு குஞ்சுத் தீவனம் கொடுத்துவிட்டால் எலும்பும் உடம்பும் நிற்கும். அதற்கப்புறம் கம்பு, உடைத்த மக்காச்சோளம், புண்ணாக்கு, கருவாட்டுத்தூள் என்று இறங்கலாம். பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் "கோழிக்குத்தானே" என்று போடாதீர்கள், ஈரல் கெட்டுவிடும்.

கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் ஈரமானால் ரத்தக்கழிச்சல் நிச்சயம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள். மேய விடும் நிலத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள். ஒரே இடத்தில் மேய்ந்தால் புல்லும் போய்விடும், குடற்புழுவும் பெருகும். எட்டு வாரத்தில் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். பெரிய கோழி இருக்கும் கொட்டகைக்குள் சந்தையில் வாங்கியதை அப்படியே கொண்டு விடவே கூடாது.

நோய் வருமுன்பே ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலப்பது பிராய்லரிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். கொலிஸ்டின் என்கிற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க 2019-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. ஆரோக்கியமான கறி என்று கூடுதல் விலை வாங்கிக்கொண்டு இதைச் செய்வது, வெளிப்படையாகச் சொன்னால், ஏமாற்றுவேலை.

கடைசியாகக் காலண்டர். ஜூன் நடுவில் குஞ்சு விட்டால் 100 நாளில் புரட்டாசியில் வந்து நிற்போம். பாதி ஊர் கறி தின்னாத மாதம். விற்காத கோழி தினமும் தின்னும், எடை அவ்வளவாக ஏறாது, சேவல்கள் சண்டை போட்டுக் காயப்படும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களால் இன்னொரு மந்தம் வரும். தீபாவளிக்கு விற்க வேண்டுமா, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஜூலையில் குஞ்சு இறக்குங்கள். அப்போதும் ஒரேயடியாக 500 இறக்காமல் மாதம் நூறு என்று தனித்தனிக் கொட்டகையில் பிரித்து விட்டால், வாடிக்கையாளர் கேட்கிற எடையில் எப்போதும் கொஞ்சம் கோழி கையில் இருக்கும்.