பழைய மாடிப்படிக்குப் புதுக் கல்: கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படிக்கு என்ன கல் போடலாம் என்று யோசிக்கும்போது எல்லாரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். நிறம் கடைசி. முதலில் பார்க்க வேண்டியது கனம், அதாவது கல்லும் அதன் அடியில் போடும் கலவையும் சேர்ந்த தடிமன். மதுரையில் எங்கள் வீட்டின் பழைய மொசைக் படிகளை மாற்றியபோது மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது அதுதான்.

அளந்து எழுதுங்கள்

ஒவ்வொரு படியின் உயரத்தையும் தனித்தனியாக அளந்து பக்கத்துச் சுவரிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். வீடுகளில் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதிக்கும் அகலம் 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு.

முதல் படியும் கடைசிப் படியும்

பொறுமையாகக் கணக்குப் போட வேண்டிய இடம் இது. எங்கள் படி 7 அங்குலம், அதாவது 178 மி.மீ. பழைய மொசைக் மேலேயே 25 மி.மீ. சிமெண்ட் கலவை போட்டு, 18 மி.மீ. கிரானைட் பதித்தால் ஒவ்வொரு படியும் 43 மி.மீ. உயரும். நடுப்படிகளில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் எல்லாம் சேர்ந்தே உயர்கின்றன. ஆனால் கீழ்த்தளமும் மேல்தளமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால் முதல் படி 221 ஆகிவிடும். கடைசி ஏற்றம் 135 ஆகக் குறைந்துவிடும். இரண்டு மூன்று படி ஏறியதும் கால் ஓர் உயரத்துக்குப் பழகிவிடுகிறது. அது மாறும் இடத்தில்தான் வயதானவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

கலவைக்குப் பதில் டைல் கம் (டைல், கல் ஒட்டும் பசை) போட்டால் 5 மி.மீ. போதும். அப்போதும் 23 மி.மீ. உயரும். கீழே தரைக்கும் புது டைல் போடுவதாக இருந்தால் முதல் படி ஓரளவு சரியாகும், ஆனால் கடைசிப் படி அப்படியேதான் இருக்கும். அதனால் மொசைக்கைக் கொத்தி எடுத்துவிட்டு, பழைய மட்டத்துக்கே புதுக் கல்லைக் கொண்டுவருவதுதான் என் தேர்வு. தூசியும் செலவும் கூடும்தான், இருந்தாலும் இதில் சமரசம் வேண்டாம். பல வீடுகளில் படிகள் சாய்வு கான்கிரீட்டின் மேல் செங்கல்லால் கட்டப்பட்டவை. பெரிய பிரேக்கர் வைத்தால் ஓரச் செங்கல் பெயர்ந்து வரும். சின்ன மெஷினும், ஓரங்களுக்குக் கை உளியும் போதும்.

கல் தேர்வு

வீட்டுப் படிக்கு என் ஓட்டு கிரானைட்டுக்கு, அதுவும் தோல் போலச் சற்றுச் சொரசொரப்பான லெதர் ஃபினிஷுக்கு. பளபளப்பான பாலிஷ் ஈரக்காலுக்கு ஆகாது. பாலிஷ் கல்தான் வேண்டும் என்றால் முன் ஓரத்தில் இரண்டு மூன்று க்ரூவ் (நீளக் கோடு போன்ற பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். மார்பிள் வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்டாலே பளபளப்பு போய்விடும். பட்ஜெட் குறைவு என்றால் கோட்டா கல் நல்லது.

டைல் என்றால் ஃபுல் பாடி விட்ரிஃபைட், அதாவது மேலிருந்து அடிவரை ஒரே நிறமானது மட்டும். மேலே மட்டும் டிசைன் அச்சிட்ட டைலில் ஓரத்தை உருட்டினால் உள்ளே இருக்கும் வேறு நிறம் தெரியும். படி முனைதான் முதலில் அடிபடும் இடமும்கூட.

நிறத்துக்கு ஒரே விதி: மிதிக்கும் கல்லும் அதன் கீழ் நிற்கும் ரைசரும் வேறு வேறு நிறமாக இருக்கட்டும். அடர் சாம்பலுக்கு வெள்ளை ரைசர் போட்டால், இறங்கும்போது படியின் உயரம் தெளிவாகத் தெரியாவிட்டாலும் ஏறும்போது ஒவ்வொரு படியும் தனித்துத் தெரியும். இறங்குபவர்களுக்காக முன் ஓரத்தில் மாற்று நிறப் பட்டை ஒன்று பதிக்கச் சொல்லலாம்.

பதிக்கும்போது

கீழிருந்து மேலே போகட்டும். முதலில் ரைசர், அதன் தலைமேல் மிதிகல், முன்னால் 20 மி.மீ. நோசிங், அதாவது மிதிகல் ரைசரைத் தாண்டி நீளும் பகுதி. கல்லின் பின்பக்கம் ஃபைபர் வலை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிரைண்டரால் சுரண்டி எடுத்தபின் பதிப்பது நல்லது, வலைமேல் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. கல்லின் அடியில் முழுவதும் கம் பரவ வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்துப் பதித்தால் உள்ளே வெற்றிடம் நிற்கும், ஓரம் உடையும். மறுநாள் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அந்தக் கல்லை அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

ஓர பாலிஷுக்கு ரன்னிங் அடிக் கணக்கில் (ஓரத்தின் நீளத்துக்கு, அடிக்கு இவ்வளவு என்று) தனிக் கூலி உண்டு. கல் விலை பேசும்போதே அதையும் பேசிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

கைப்பிடிக் கம்பிக்குத் துளை போடும்போது கல்லில் விரிசல் விட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஹேமர் டிரில் வேண்டாம். கோர் பிட் (குழாய் வடிவ துளைமுனை) வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்க வேண்டும், கல்லின் ஓரத்திலிருந்து தள்ளி. பழைய கைப்பிடியை அப்படியே வைத்துக்கொண்டு படியை மட்டும் உயர்த்துபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: படி எவ்வளவு உயர்கிறதோ, கைப்பிடி அவ்வளவு தாழும்.