சி டிரைவ் சிவப்பானால்: அழிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

போன வாரம் அக்கா போன் செய்தாள். "கம்ப்யூட்டர்ல இடமே இல்லையாம்டா. ஒரு போட்டோகூட சேமிக்க முடியலை. உக்காந்து முந்நூறு ஃபைல் அழிச்சேன், அப்படியும் சிவப்பாத்தான் இருக்கு" என்றாள். அழித்தது என்னவென்று கேட்டேன். பழைய கடிதங்கள், விண்ணப்பங்கள், படிப்புக் குறிப்புகள். எல்லாமே வெறும் எழுத்து. ஒன்று 40 கேபி என்று வைத்தாலும் முந்நூறும் சேர்ந்து 12 எம்பிதான். அதே கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே வீடியோ இரண்டு முறை இறங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றும் 6 ஜிபி, அதாவது ஏறக்குறைய ஆறாயிரம் எம்பி.

இடம் பற்றாமல் தவிக்கும் பலரும் செய்வது இதுதான். கண்ணில் படுவதை அழிக்கிறார்கள். இடத்தை அடைத்திருப்பது கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே முதலில் அளப்போம், அப்புறம் அழிப்போம். கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

எவ்வளவு இடம் இருக்கிறது?

விண்டோஸ் கீயையும் ஆங்கில 'ஈ' (E) எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். இடப்பக்கம் 'திஸ் பிசி' என்பதைத் தட்டினால் டிரைவ்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பட்டை. காலியிடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பட்டை சிவப்பாகும்.

"256 ஜிபி என்று வாங்கினேன், 238 தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆல் பெருக்குகிறது. அதனால்தான் 512 ஜிபி டிஸ்க் 476 என்றும், 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும் தெரிகிறது.

விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் கொஞ்சம் காலியிடம் எப்போதும் வேண்டும். விண்டோஸ் அப்டேட் இறங்கி விரிவதற்கும், நினைவகம் பற்றாதபோது கணினி டிஸ்கையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துவதற்கும் அந்த இடம்தான் உதவுகிறது. நான் 20 ஜிபிக்குக் கீழே போக விடுவதில்லை.

யார் அடைத்திருக்கிறார்கள்?

விண்டோஸ் கீயையும் ஆங்கில 'ஐ' (I) எழுத்தையும் சேர்த்து அழுத்தி செட்டிங்ஸைத் திறங்கள். சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். சில நொடிகள் பொறுத்தால் சி டிரைவில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வகைவாரியாகக் காட்டும். முதலில் சில வகைகள்தான் தெரியும். 'ஷோ மோர் கேட்டகரீஸ்' என்பதையும் தட்டுங்கள். இந்தப் பட்டியலை அவசரப்படாமல் ஒரு முறை முழுதாகப் படியுங்கள். ஒரு தாளில் பெரிய மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். ஆப்ஸ் 80 ஜிபி என்றால் நீங்கள் போட்டோக்களைக் கிளறிப் பயனில்லை. வீடியோ 90 ஜிபி என்றால் மென்பொருளை நீக்கிப் பயனில்லை.

ஆப்ஸ்தான் பெரிது என்றால் அந்த வரியைத் தட்டி, அளவுவாரியாக அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு விளையாட்டுகள் முன்னால் வந்து நிற்கும். வேண்டாததை அங்கேயே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்காதீர்கள். பாதி அழிந்து பாதி நிற்கும், பிறகு முறையாக நீக்கவும் முடியாது.

தற்காலிகக் கோப்புகள்: இங்கேதான் கவனம் வேண்டும்

அதே பட்டியலில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்ற வரி இருக்கும். அதைத் தட்டுங்கள். உள்ளே டிக் பெட்டிகளோடு இன்னொரு பட்டியல் வரும். விண்டோஸ் அப்டேட் கிளீன்அப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், தம்ப்நெயில்ஸ், தற்காலிக இணையக் கோப்புகள் ஆகியவற்றைத் தயங்காமல் டிக் செய்யலாம். தம்ப்நெயில் என்பது படங்களின் சின்ன முன்தோற்றம்தான். அழித்தாலும் அடுத்த முறை ஃபோல்டரைத் திறக்கும்போது தானாக உருவாகிவிடும். உங்கள் படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அது தற்காலிகமானது அல்ல. இணையத்திலிருந்து நீங்கள் இறக்கிய எல்லாம் இருக்கும் ஃபோல்டர் அது. சில வருடங்களுக்கு முன் இடம் தேவைப்பட்ட அவசரத்தில் எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டு ரிமூவ் அழுத்தினேன். நண்பர் ஒருவர் ஸ்கேன் செய்து அனுப்பிய எங்கள் தாத்தாவின் பழைய படங்கள் பதினாலு அதில் போய்விட்டன. இந்த வழியில் அழிப்பவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராக மறைந்துவிடும். நல்லவேளை, அவரிடம் படங்கள் இருந்ததால் திரும்பக் கிடைத்தன. எனவே டவுன்லோட்ஸில் டிக் இருந்தால் முதலில் அதை எடுங்கள். 'ரீசைக்கிள் பின்' வரியிலும் இப்போதைக்கு டிக் வேண்டாம். காரணம் கடைசியில் வருகிறது.

'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்று ஒன்று பல ஜிபி காட்டினால், சமீபத்தில் உங்கள் விண்டோஸ் பெரிய அளவில் மாறியிருக்கிறது என்று பொருள். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால் அது தேவை. வழக்கமாகப் பத்து நாளில் தானாகவே போய்விடும். புதியது நன்றாக ஓடுகிறது, திரும்பப் போவதில்லை என்றால் இப்போதே டிக் செய்யலாம். தேர்ந்தெடுத்தது சரிதானா என்று மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை பார்த்துவிட்டு ரிமூவ் அழுத்துங்கள்.

பெரிய கோப்புகளைப் பிடிக்கும் வழி

எனக்கு மிகவும் பிடித்த படி இது. எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவ், யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குப் போங்கள். முழு சி டிரைவிலும் தேட வேண்டாம்; அப்படித் தேடினால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளும் வந்து குழப்பும். வலது மேல் மூலையில் உள்ள தேடல் பெட்டியில் ஒரு நட்சத்திரக் குறி (*) தட்டி என்டர் அழுத்துங்கள். இப்போது விண்டோஸ் 10 இல் மேலே 'சர்ச்' என்ற பட்டையும், 11 இல் 'சர்ச் ஆப்ஷன்ஸ்' என்ற பொத்தானும் தெரியும். அதில் 'சைஸ்' என்பதைத் தட்டினால் அளவு வகைகள் வரும். 'ஜைஜான்டிக்' என்றால் 4 ஜிபிக்கு மேல். 'ஹியூஜ்' என்றால் 1 முதல் 4 ஜிபி வரை. 'லார்ஜ்' 128 எம்பி முதல் 1 ஜிபி வரை. பெரியதிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள்.

தேடி முடிக்க நேரமாகலாம், பொறுங்கள். வந்த பட்டியலில் ஒன்றை ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அது இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போகும். பெயரின் முடிவில் அடைப்புக்குறிக்குள் 1 அல்லது 2 என்று இருந்தால், அதே கோப்பை நீங்கள் மறுபடி இறக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அக்காவின் வீடியோவும் அப்படித்தான் சிக்கியது. ஆனாலும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். இரண்டையும் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் அளவு கடைசி பைட் வரை ஒன்றா என்று பாருங்கள். இரண்டையும் ஒரு முறை ஓட்டியும் பாருங்கள். பிறகு ஒன்றை அழியுங்கள்.

அழிக்க மனமில்லாததை நகர்த்துங்கள்

குடும்ப வீடியோக்களை யாருக்கு அழிக்க மனம் வரும்? டி டிரைவில் இடமிருந்தால் வீடியோஸ் ஃபோல்டரையே அங்கே மாற்றிவிடலாம். முதலில் டி டிரைவில் 'என் வீடியோக்கள்' என்பதுபோல் ஒரு புது ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு வீடியோஸ் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று போய் அந்தப் புது ஃபோல்டரைக் காட்டுங்கள். பழைய கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். ஃபோல்டர் உருவாக்காமல் டி டிரைவையே நேராகக் காட்டிவிடாதீர்கள். அப்புறம் முழு டிரைவும் வீடியோஸ் ஃபோல்டராகி, அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பல வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே டி டிரைவுக்கு நகர்த்தியதால் பத்திரமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முக்கியமானவற்றை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள். அதற்கு மாற்றும்போது கட் வேண்டாம், காப்பி செய்யுங்கள். முடிந்ததும் ஹார்ட் டிஸ்கில் உள்ள நாலைந்து கோப்புகளைத் திறந்து ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கணினியில் உள்ளதை அழியுங்கள். ஒரே பிரதி வெளி ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருந்தால் அதுவும் ஆபத்துதான். கணினியில் உள்ளதை அழிக்கும் முன் வேறொரு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

தொடக் கூடாதவை

விண்டோஸ் ஃபோல்டருக்குள் எதையும் கையால் அழிக்காதீர்கள். நினைவகம் பற்றாதபோது கணினி பயன்படுத்தும், 'பேஜ்ஃபைல்' என்று மறைந்திருக்கும் பெரிய கோப்பும் அப்படித்தான். "உங்கள் ரெஜிஸ்ட்ரியில் ஆயிரம் பிழைகள்" என்று பயமுறுத்தும் கிளீனர் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்; அதைத் துடைத்து ஜிபி கணக்கில் இடம் கிடைக்காது. ஏதாவது ஒரு மென்பொருள் திறக்காமல் போகும், அவ்வளவுதான்.

கடைசியில் ரீசைக்கிள் பின்

சாதாரணமாக டெலிட் செய்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் போய் உட்காரும். அதைக் காலி செய்யும்வரை டிஸ்கில் இடம் கூடாது. அதற்காக உடனே காலி செய்துவிட வேண்டாம். சில நாட்கள் கணினியை வழக்கம்போல் பயன்படுத்துங்கள், எதையும் தேடித் தவிக்கவில்லை என்றால் காலி செய்யுங்கள். இதைத் தானாக நடக்க வைக்க ஸ்டோரேஜ் பக்கத்தில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இருக்கிறது. அதில் ரீசைக்கிள் பின்னுக்கு 30 நாள் வையுங்கள், டவுன்லோட்ஸுக்கு 'நெவர்' வையுங்கள்.

அக்காவின் கணினியில் டெஸ்க்டாப்பில் இருந்த ரீசைக்கிள் பின்னைத் திறக்கச் சொன்னேன். முந்நூறு கோப்புகளும் அப்படியே இருந்தன. அவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், ரீஸ்டோர். அம்மாவுக்கு அவள் எழுதிய கடிதங்கள் பழைய ஃபோல்டருக்கே திரும்பி வந்துவிட்டன. அதன் பிறகுதான் 6 ஜிபி வீடியோவின் இரண்டாவது பிரதியை அழித்து, பின்னைக் காலி செய்யச் சொன்னேன். பட்டை நீலமாகிவிட்டது என்றாள்.