அறிபுனைத் தொடர்களில் தொழில்நுட்பச் சார்பைக் கண்டறிவது எப்படி?

ஒரு எபிசோடை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை கதைக்காக, நிறுத்தாமல். இரண்டாம் முறை நோட்டும் ரிமோட்டும் கையில் இருக்கட்டும். தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: கருவி என்ன வேலை செய்கிறது, முன்பு அதை யார் செய்தார்கள், கருவி வேண்டாம் என்பவருக்கு என்ன நேர்கிறது.

மூன்றாவது கட்டம்தான் உயிர். ஒரு கருவியை ஊரே வைத்திருப்பதால் மட்டும் அது சார்பு ஆகிவிடாது. அது இல்லாதவருக்குக் கதவு அடைபடும் இடத்தில்தான் சார்பு தெரியும்.

‘பிளாக் மிரர்’ தொடரின் முதல் பருவத்தில் (2011) வரும் ‘தி என்டயர் ஹிஸ்டரி ஆஃப் யூ’வில் தொடங்கலாம். பார்த்ததையும் கேட்டதையும் எல்லாம் பதிந்துவைக்கும் ‘கிரெயின்’ காதுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கிறது. கணவன் லியாமின் சந்தேகத்திலேயே கண் போய்விடும். அதைத் தாண்டி, ஹாலம் போலீஸை அழைக்கும் காட்சியில் நிறுத்துங்கள். கிரெயின் இல்லாதவள் அவள். பதிவைக் கேட்கிறார்கள், இல்லை என்கிறாள், அழைப்பு துண்டிக்கப்படுகிறது. பதிவு இல்லாதவரின் வாய்மொழிக்கு அந்த உலகில் மதிப்பே இல்லை. விமான நிலையச் சோதனையில் லியாம் தன் நினைவுகளை ஓட்டிக்காட்டும் காட்சியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே தொடரின் ‘நோஸ்டைவ்’ (2016) எபிசோடில் மக்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது நாயகி லேசியின் மதிப்பெண் மாறும் ஒவ்வொரு முறையும் எண்ணை எழுதி, பக்கத்திலேயே அவளுக்கு எது மறுக்கப்பட்டது என்று எழுதுங்கள். 4.2-இல் இருப்பவளுக்கு வீட்டுச் சலுகை வேண்டுமானால் 4.5 தேவை, 4.2-க்குச் சற்றே கீழே இறங்கியதும் விமான இருக்கையும் கைநழுவுகிறது. லாரி ஓட்டும் சூசனின் கணவர் 4.3, அவருக்குக் கிடைக்க வேண்டிய புற்றுநோய்ச் சிகிச்சை 4.4 வைத்திருந்தவருக்குப் போனது. வாடகைக் காருக்குப் பொருந்தும் சார்ஜர் கிடைக்காத காட்சியைத் தனியாக எழுதுங்கள். பழைய கார் கிடைத்தது மதிப்பெண் குறைந்ததால், சார்ஜர் கிடைக்காதது பழைய மாடலைக் கைவிட்டதால்.

பெரும்பாலோர் சறுக்குவது கருவியை வில்லனாக்கும் இடத்தில். கதையிலிருந்து கருவியை எடுத்துவிட்டுப் பாருங்கள்: சண்டை மிஞ்சுகிறதா? லியாமின் சந்தேகம் கிரெயின் இல்லாமலும் எழுந்திருக்கும். அது ஆறவிடாமல் செய்வதுதான் கிரெயினின் பங்கு. மனிதரிடம் ஏற்கெனவே இருந்ததை ஒரு நிற மையிலும், கருவி கூட்டியதை வேறு நிறத்திலும் எழுதினால் குழப்பம் வராது.

கருவி பழுதானால்தான் ஆபத்து என்று நினைப்பது அடுத்த சறுக்கல். மேலே சொன்ன கிரெயினும் மதிப்பெண்ணும் பழுதில்லாமல் வேலை செய்துகொண்டே கெடுக்கின்றன. இதற்கு நேர்மாறானது 2003-இல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ குறுந்தொடர். புதிய விண்வெளிப் போர்க்கப்பல்களை அவற்றின் மென்பொருள் வழியாகவே, மனிதர்களின் எதிரிகளான சைலான் இயந்திரங்கள் முடக்குகின்றன. கணினிகளை வலைப்பின்னலில் இணைக்கத் தளபதி அடாமா மறுத்ததால் அவரது பழைய கப்பல் கேலக்டிகா தப்புகிறது. அதில் தொலைபேசிகள்கூட வயர் போட்டவைதான். இங்கே மறுத்தவர் பிழைக்கிறார். இரண்டு வகையையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

பழகியபின் ‘பிளாக் மிரர்’ தொடரின் ‘காமன் பீப்பிள்’ (2025) எடுங்கள். அமாண்டாவின் மூளை மாதச் சந்தாவில் இயங்குகிறது. நேற்றுவரை அடிப்படைச் சந்தாவிலேயே கிடைத்தது, இன்று கூடுதல் கட்டணத்துக்குப் போய்விடுகிறது. இதற்கு மூன்று கட்டம் போதாது. நான்காவதாக ஒன்று சேருங்கள்: விதியை மாற்றும் உரிமை யார் கையில் இருக்கிறது?