வெளி மாநில தொழிலாளிக்கு நம்ம சேலத்துலயே ரேஷன் வாங்கிக் குடுக்கிறது எப்படி

நம்ம ஊர்ல கட்டட வேலைக்கும் ஏற்காடு எஸ்டேட் வேலைக்கும் ஆள் குறைஞ்சு போச்சு, தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரியா 1.8 பிள்ளை தான் (2019-21 குடும்பநல சர்வே), பீகார்ல 3, அதனால அங்கிருந்து வர்றாங்க. ஆனா அரிசி ஒதுக்கீடு இன்னும் 2011 சென்சஸ் கணக்குல தான் ஓடுது, ஆள் நகர்ந்தாலும் கணக்கு நகரல. அதுக்கு தான் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு, 2020 அக்டோபர்ல இங்க வந்துச்சு.

முதல்ல அவங்க ஊர் கார்டுல அவங்க பேர் இருக்கா, ஆதார் இணைச்சிருக்கான்னு பாருங்க. இது இல்லாம கடைக்குப் போனா அலைச்சல் தான். ரெண்டும் சரியா இருந்தா பக்கத்து ரேஷன் கடையில கார்டு நம்பரோ ஆதார் நம்பரோ சொல்லி கைரேகை வச்சா போதும், ஊர்ல இருக்கிற குடும்பம் அவங்க பங்கை அங்கயே வாங்கிக்கலாம், இவர் தன் பங்கை மட்டும் இங்க வாங்கலாம். சாதாரண முன்னுரிமை கார்டுன்னா ஆளுக்கு மாசம் 5 கிலோ.

கல்லு மண்ணு வேலை செஞ்சு ரேகை தேஞ்சிருந்தா வேற விரல் வச்சு பாக்கச் சொல்லுங்க, ஒரு தடவை விழலைன்னு திரும்பி வந்துடாதீங்க.

கூட பிள்ளைங்க வந்திருந்தா ஸ்கூல்ல சேத்து விடுங்க, டிசி வர லேட்டானாலும் அரசு பள்ளியில சேர்க்க மறுக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது.

கடையில இன்னும் இழுத்தடிச்சா மே 1 கிராம சபையில எழுதிக் குடுத்து தீர்மானத்துல ஏத்தச் சொல்லுங்க.