படுக்கையில் இருப்பவருக்கு வயர்லெஸ் காலிங் பெல்

பேச்சும் அசைவும் குறைந்துவரும் ஒருவர் வீட்டில் இருந்தால், வாசலுக்கு விற்கும் சாதாரண வயர்லெஸ் காலிங் பெல் ஒன்று வாங்குங்கள். சத்தம் வரும் பகுதியை (ரிசீவர்), அவரைப் பார்த்துக்கொள்பவர் தூங்கும் அறையில் பிளக்கில் செருகுங்கள். பட்டனைப் படுக்கையில் இருப்பவருக்கு எந்த இடம் நன்றாக அசைகிறதோ அங்கே ஒட்டுங்கள். கைதான் என்றில்லை. முழங்கால் பக்கம், கால் பெருவிரலடி, கன்னத்தருகே தலையணை, எதுவும் சரி. பக்கவாதம் என்றால் நல்ல பக்கம்.

விரலில் வலு இல்லையா? ஐஸ்கிரீம் குச்சியின் ஒரு நுனியை மட்டும் பட்டனுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, குச்சி பட்டன்மேல் படுமாறு வையுங்கள். மறுநுனியை லேசாகத் தொட்டாலே நெம்புகோல்போல் பட்டன் அமுங்கிவிடும். பட்டனில் பேட்டரி இல்லாத மாடல் மட்டும் வேண்டாம். அழுத்தும் விசையிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் அதன் பட்டன் கடினமாக இருக்கும்.

கரண்ட் போனால் செருகும் பெல் அடிக்காது. இன்வர்ட்டர் பிளக்கில் போடுங்கள், இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ரிசீவர் வாங்குங்கள். தினமும் படுக்கும் முன் அவரையே ஒருமுறை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். போர்வை நகர்ந்தாலே பட்டன் எட்டாமல் போய்விடும், பாவம், அவரால் அதைச் சொல்லவும் முடியாது.

எந்த அசைவும் இல்லாதவருக்கும், பெல் எதற்கென்று புரியாத அளவு நினைவு தடுமாறியவருக்கும் இது உதவாது. அவர்கள் அருகில் ஆள் இருக்க வேண்டும். மூச்சுக் கருவியில் இருப்பவருக்கு அந்தக் கருவியின் அலாரத்துக்குப் பதிலாக இதை நம்பக் கூடாது.