குதிரை நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஒரு ஷோ: முதல் முறை நடத்துபவர்களுக்கான செய்முறை

நாங்கள் நடத்திய முதல் ஷோவில், அதாவது பல லாயத்துக் குதிரைகள் வந்து போட்டியிடும் நிகழ்ச்சியில், பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றை மைதானத்தின் ஓரத்தில் நிழல் பார்த்து வைத்திருந்தோம். வந்த குதிரைகள் எல்லாம் அதில்தான் வாய் வைத்துக் குடித்தன. பத்து மணிவாக்கில் கால்நடை மருத்துவர் வந்தார், தொட்டியைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரைக் கூப்பிட்டு அதைக் கவிழ்த்துவிட்டார். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. தொற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க எல்லோரும் வந்து கூடிய இடத்திலேயே தொற்று பரவ வழி செய்து வைத்திருக்கிறோம்.

அன்றைக்கு யாருடைய குதிரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த ஷோவுக்குத் திட்டம் போட்டாலும் முதலில் எழுதுவது, பல லாயத்துக் குதிரைகள் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடப்போகின்றன என்பதைத்தான். மேடை, பரிசு, மைக் எல்லாம் அதற்கு அப்புறம்.

1. எந்த நோய், யாருக்குப் பணம்

"குதிரைகளுக்காக" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பையைத் திறப்பதில்லை. ஒரு நோயின் பெயரைச் சொல்லி, அது குதிரையை என்ன செய்யும் என்று நாலு வரியில் விளக்குங்கள். உதாரணத்துக்கு, கிராஸ் சிக்னஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. மேய்ச்சலில் இருக்கும் குதிரைகளுக்கு வரும், பெரும்பாலும் இளம் வயதுக் குதிரைகளுக்கு. குடலை இயக்கும் நரம்புகள் செத்துப்போவதால் தின்றது உள்ளே நகராது. தீவிரமாக வந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஸ்காட்லாந்தில் 1909-ஐ ஒட்டி முதலில் பதிவான இந்த நோய்க்கு, நூறு வருஷம் தாண்டியும் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதைச் சொல்லும்போதே ஆராய்ச்சிக்கு ஏன் பணம் வேண்டும் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

ஆராய்ச்சியால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இன்னொரு நோயின் கதை. மேய்ச்சலில் நன்றாக இருந்த குதிரைகள் திடீரெனத் தசை விறைத்து, சிறுநீர் கருத்து, எழ முடியாமல் செத்துப்போயின. என்ன காரணம் என்று பல காலம் தெரியவில்லை. 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் சில மேப்பிள் வகை மரங்களின் விதையில் இருக்கும் ஹைப்போகிளைசின் ஏ என்ற நஞ்சு என்று கண்டுபிடித்தார்கள். இப்போது அந்த மரம் இருக்கும் பக்கம் வேலி போட்டு, விழுந்த விதையைக் கூட்டி அள்ளிவிட்டாலே ஆபத்து பெருமளவு குறைகிறது. பரிசோதனைக் கூடத்தில் யாரோ உட்கார்ந்து செய்த வேலை, ஒரு வேலியாகவும் துடைப்பமாகவும் லாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நோயை முடிவு செய்ததும், அதில் வேலை செய்யும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ எழுதுங்கள். உங்கள் பணம் எந்தக் கணக்குக்குப் போகும், குறிப்பிட்ட ஆய்வுக்கென ஒதுக்குவார்களா, அவர்களுடைய பெயரை நோட்டீஸில் போடலாமா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே விளம்பரம் செய்யுங்கள்.

2. இடமும் நாளும்

முதல் முறை என்றால் குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். தரை சமமாக, வளை, கல், கண்ணாடித் துண்டு இல்லாமல் இருக்க வேண்டும். நீங்களே ஒரு முறை முழுதும் நடந்து பாருங்கள், மழை பெய்த மறுநாளும் போய்ப் பாருங்கள். குதிரை ஏற்றிவரும் வண்டிகள் நீளமானவை, அவை பின்னால் எடுக்காமலே திரும்பிப் போக இடம் வேண்டும். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். போட்டிக் களத்துக்குப் பக்கத்தில், போட்டிக்கு முன் குதிரைகளை நடத்தி ஓட்டி உடம்பைத் தயார்படுத்த இன்னொரு களம். பார்வையாளர்கள் நடக்கும் வழி குதிரைகள் நடக்கும் வழியைக் குறுக்கே வெட்டக் கூடாது.

மைதானத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி, உள்ளாட்சி அனுமதி, பொதுமக்களுக்கு அடிபட்டால் ஈடுகட்டும் காப்பீடு, இவை மூன்றும் கையில் வந்த பிறகு தேதியை அறிவியுங்கள். கால்நடைத் துறையில் குதிரைப் போக்குவரத்துக்கு அப்போது ஏதாவது தடை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. நோய்த் தடுப்பு

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

பதிவுப் படிவத்திலேயே குதிரையின் தடுப்பூசி விவரத்தைக் கேளுங்கள், குறிப்பாக இன்ஃப்ளூயன்சா, டெட்டனஸ். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில், குதிரை வருவதற்கு முந்தைய 6 மாதம் 21 நாளுக்குள் இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. சின்ன ஷோவுக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். எது சரி என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது தெர்மாமீட்டர். இருக்கும் கருவிகளிலேயே மலிவானது, பலர் பயன்படுத்தாததும் இதுதான். நல்ல நிலையில் இருக்கும் பெரிய குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை. ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோயில், முதலில் காய்ச்சல் வரும். அது வந்து ஓரிரு நாள் கழித்துத்தான் குதிரை மூக்கு வழியாகக் கிருமியை வெளியே விடத் தொடங்கும். காய்ச்சல் வந்த அன்றே கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டால் அது யாருக்கும் பரப்பாது. ஆகவே ஷோவுக்கு முந்தைய ஒரு வாரம் காலையும் மாலையும் வெப்பம் எடுத்து எழுதி வரச் சொல்லுங்கள், அந்தத் தாளை வாசலில் வாங்கிப் பாருங்கள். 38.5-க்கு மேல் ஒரு தடவை இருந்தாலும் அந்தக் குதிரை வீட்டிலேயே இருக்கட்டும். வர முடியாமல் போனவருக்குப் பதிவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பணம் போய்விடுமே என்று உண்மையை மறைக்க யாருக்கும் காரணம் இருக்கக் கூடாது.

வெப்பம் எடுக்கத் தெரியாதவர்களுக்கு: ஒருவர் குதிரையின் தலையைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் நேர் பின்னால் நிற்காமல் அதன் இடுப்போடு ஒட்டி, இடது பக்கமாக நில்லுங்கள். கையால் முதுகிலிருந்து தடவிக்கொண்டே வந்து வாலை மெல்ல ஒதுக்குங்கள். வாஸலைன் தடவிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாய்க்குள் விட்டு, கொஞ்சம் சாய்த்து, உள்சுவரில் படும்படி வையுங்கள். இலத்தியின் நடுவில் குத்தி நின்றால் அளவு தப்பாக வரும். சத்தம் வரும்வரை கையை எடுக்காதீர்கள். ஒரு நூலில் துணிக் கிளிப் கட்டி வால் முடியில் மாட்டிவிட்டால் கீழே விழாது.

ஸ்ட்ராங்கிள்ஸ் நோயிலிருந்து தேறிய சில குதிரைகள், தொண்டைக்கு மேலே காதுக்குக் கீழே இருக்கும் காற்றுப்பையில் கிருமியை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் வைத்திருக்கும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. அதனால் பார்க்க நன்றாக இருக்கும் குதிரைகளுக்கும் இந்த விதிகள் பொருந்தும்: அவரவர் வாளி, அவரவர் ஸ்பாஞ்சு, அவரவர் கடிவாளம். குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஹோஸ் முனையை வாளிக்குள் விடாமல் மேலே பிடித்து ஊற்ற வேண்டும், இதைக் குழாய்க்கு மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குதிரைகள் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்துகொள்வதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் விடாதீர்கள். குழந்தைகள் ஒவ்வொரு குதிரையாகப் போய் மூக்கைத் தடவுவதையும் அன்பாகச் சொல்லித் தடுங்கள். நடுவர் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தால், அடுத்ததைத் தொடுவதற்கு முன் கையைச் சுத்தம் செய்ய, களத்தைக் கவனித்துக்கொள்ளும் ஸ்டூவர்டு கிருமிநாசினி பாட்டிலோடு நிற்கட்டும்.

மைதானத்தின் ஒரு மூலையில், காற்று மற்ற குதிரைகள் பக்கம் வீசாத இடமாகப் பார்த்து, ஒரு தனி அடைப்பு காலியாக வையுங்கள். இருமும் குதிரையோ மூக்கொழுகும் குதிரையோ இருந்தால் மருத்துவர் வரும்வரை அங்கே நிற்கும்.

4. என்னென்ன போட்டிகள்

எல்லாவற்றையும் வைக்க ஆசை வரும். முதல் வருஷம் எட்டு, பத்து போதும். கையில் பிடித்து நடத்திக் காட்டுவது, சிறு பிள்ளைகள் ஏறிய மட்டக்குதிரையைப் பெரியவர் கயிற்றில் நடத்திவருவது, சவாரிப் பிரிவு, தடை தாண்டல், கம்பங்களை வளைந்து வளைந்து சுற்றிவரும் விளையாட்டு. குதிரையா மட்டக்குதிரையா என்ற சண்டை கட்டாயம் வரும். லாடம் இல்லாமல் தோள் முகட்டில் 148 சென்டிமீட்டருக்கு மேல் போகாதது மட்டக்குதிரை என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். பழைய கணக்கில் 14.2 கை, அதாவது 14 கையும் 2 அங்குலமும்; ஒரு கை என்பது 4 அங்குலம்.

தடை தாண்டலைக் குறைந்த உயரத்தில், 40 சென்டிமீட்டரில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போங்கள், திரும்ப இறக்கும் வேலை இருக்காது. தடைக் கம்பம் வைக்காத தாங்கிகளை, அவை மாட்டியிருக்கும் தூணிலிருந்து கழற்றிவிடுங்கள். காலியான தாங்கியின் முனை விழுபவரைக் கிழித்துவிடும்.

நேரக் கணக்கு போடும்போது ஒரு குதிரைக்கு இரண்டு நிமிஷம் என்று போட்டு, உள்ளே வரவும் வரிசை கட்டவும் பரிசு வாங்கவும் பத்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பிரிவுக்கு ஒரு தடவை அரை மணி இடைவெளி விடுங்கள், அது எப்படியும் தீர்ந்துபோகும்.

ஒரே ஒரு பிரிவை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்: நோயிலிருந்து மீண்ட குதிரைகள். தொற்று இல்லை என்று மருத்துவர் எழுதித் தந்த குதிரைகள் மட்டும். எங்கள் ஷோவில் வயிற்று வலிக்கு அறுவை சிகிச்சை ஆன ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை வந்தது. சிறுமி அதை நடுவர் முன்னால் நிறுத்திவிட்டு, குனிந்து, வயிற்றின் அடியில் முடி வெள்ளையாக முளைத்திருந்த நீளமான தழும்பை விரலால் காட்டினாள். மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை. அன்று உண்டியலில் அதிகம் விழுந்தது அதற்கு அடுத்த அரை மணியில்தான்.

5. ஆட்கள், பாதுகாப்பு

நடுவர் வெளியிலிருந்து வரட்டும், போட்டியாளர்களுக்கு உறவாக இருக்கக் கூடாது. களத்துக்கு ஒரு ஸ்டூவர்டு, வாசலுக்கு ஒருவர், மைக்குக்கு ஒருவர், முதலுதவிக் குழு, மருத்துவர், லாடம் அடிப்பவர். முதலுதவிக் குழுவும் மருத்துவரும் இல்லாமல் முதல் குதிரையைக் களத்தில் விடாதீர்கள், எவ்வளவு தாமதமானாலும் சரி.

குதிரை மேல் இருக்கும்வரை தலையில் ஹெல்மெட், நாடா மாட்டியபடி. காலில் குதிகால் வைத்த மூடிய காலணி. உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன், அனுபவம் இல்லாத இளம் குதிரைக்குப் பச்சை. இதன் அர்த்தத்தைப் பார்வையாளர்களுக்கும் மைக்கில் சொல்லுங்கள், குதிரைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்து பயனில்லை. பலூன் வேண்டாம், பட்டாசு வேண்டவே வேண்டாம், ஒலிபெருக்கியைக் களத்தின் பக்கம் திருப்பாதீர்கள். குதிரையைக் கடிவாளத்தில் கட்டிப்போடக் கூடாது, ஹால்டர் (வாய்க் கம்பி இல்லாத தலைப்பட்டை) கயிற்றில், இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்ட வேண்டும்.

குதிரை கழன்று ஓடினால் எல்லோரும் துரத்துவார்கள், அதுதான் தப்பு. மைக்கில் ஒரே அறிவிப்பு: "குதிரை அவிழ்ந்துவிட்டது, இருந்த இடத்திலேயே நில்லுங்கள், வாசலை மூடுங்கள்." பழகியவர் ஒருவர் தீவன வாளியோடு நடந்து போகட்டும். முந்தைய நாளே ஒரு முறை ஒத்திகை பாருங்கள்.

6. பணம்

செலவுக்கும் நன்கொடைக்கும் தனித்தனி கணக்கு வையுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும், முடிந்தால் ஒவ்வொரு தடைக்கும், ஒரு புரவலரைப் பிடித்து ரிப்பன், கோப்பை, மைக் வாடகை எல்லாவற்றையும் அதிலேயே முடியுங்கள். அப்போது பதிவுக் கட்டணமும் உண்டியலும் அப்படியே ஆராய்ச்சிக்குப் போகும், அதை நோட்டீஸிலும் தைரியமாக எழுதலாம். குலுக்கல் நடத்துவதாக இருந்தால் உங்கள் பகுதியில் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். உண்டியலை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து திறந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடட்டும். நம்பிக்கை இல்லாததால் செய்வதல்ல இது. நாளைக்கு யாராவது கேட்டால் காட்டத் தாள் வேண்டும், அவ்வளவுதான்.

7. முடிந்த பிறகு

இலத்தியை அன்றே அள்ளிவிடுங்கள். தடுப்புக் கம்பிகளையும் அடைப்புகளையும் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, அதன் பிறகு கிருமிநாசினி போடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்து வேலை செய்யாது.

வீட்டுக்குப் போகும் குதிரைகளை இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் வைத்து, வெப்பம் எடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், ஸ்ட்ராங்கிள்ஸ் வெளிப்பட 3 முதல் 14 நாள் வரை ஆகலாம். வந்தவர் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் அன்று எந்தக் குதிரை எங்கே நின்றது என்ற வரைபடமும் உங்களிடம் இருக்கட்டும். ஒரு லாயத்தில் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அன்றே மற்ற எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் அந்த ஒரு நாளில் இன்னொரு லாயத்துக்குப் போய்விடும்.

பதினைந்தாம் நாள் நான் எல்லோருக்கும் போன் போட்டு "காய்ச்சல் யாருக்காவது?" என்று கேட்பேன். இல்லை என்று பதில் வந்ததும் வரவு செலவுத் தாளையும், ஆராய்ச்சி நிறுவனம் தந்த ரசீதின் படத்தையும் அதே எண்களுக்கு அனுப்பிவிடுவேன்.