இணையப் பாதுகாப்பு வகுப்பு: புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டியவை

சென்னையின் தொடக்கப் பள்ளிகளில் இணையப் பாதுகாப்பு வகுப்பு என்றால், அது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஆசிரியரின் தலையில்தான் விழும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்ப்பது என் வேலை. அந்த நாளில் நாங்கள் செய்த கூத்துகளே திரும்பத் திரும்ப அரங்கேறுகின்றன. ஸ்லைடில் எழுத்துப்பிழை, புரொஜெக்டர் கோளாறு போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

பயமுறுத்திப் பாடம் நடத்துவது

"தெரியாத லிங்கைத் தொட்டால் போலீஸ் வரும்" என்றதும் வகுப்பு கப்சிப் ஆகிவிடும். ஆசிரியர் முகத்தில் ஒரு திருப்தி படரும். எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்தத் திருப்திதான்.

பெரம்பூர்ப் பக்கம் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அம்மாவின் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டில் இலவசமாக வைரம் தருகிறேன் என்று எவனோ ஆசை காட்டி, அம்மாவின் வங்கி அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். பிறகு போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கிக்கொண்டான். பணம் போனதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பையன் அதை அழித்தான். அடுத்து வந்ததையும் அழித்தான். இரண்டு நாள் கழித்து, மளிகைக் கடையில் பணம் கட்ட முடியாமல் நின்றபோதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, போலீஸ் வரும் என்று மிஸ் சொன்னார்களே என்றானாம்.

இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930. உடனே அழைத்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் வங்கி அதை முடக்க வாய்ப்பு உண்டு. அந்த நேரம் முழுவதையும் பயம் தின்றுவிட்டது. ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று பையனுக்கு மனப்பாடமாகத் தெரியும். சொல்லித் தொலைத்தபின் யாரிடம் ஓடுவது என்பதைத்தான் ஒருவரும் கற்றுத்தரவில்லை.

அதை நடிக்கவைத்துக் கற்றுக்கொடுங்கள். ஒரு குழந்தை அம்மா, இன்னொன்று தவறு செய்துவிட்ட பிள்ளை. அம்மாவாக நடிப்பது எடுத்த எடுப்பில் கையை ஓங்கினால், அந்த வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரிந்துவிடும். பெற்றோரை அழைத்து, "போனைப் பிடுங்க மாட்டோம், முதலில் எங்களிடம் சொல்" என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்ல வையுங்கள். வீட்டில் வாய் திறக்கவே முடியாத பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் தெரிந்திருக்க வேண்டும்.

வயது வரம்பைச் சொல்லிவிட்டு நகர்வது

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் 13 வயதாக வேண்டும் என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் புழங்குவது அம்மாவின் கணக்கில். அம்மா பெயரில் நீ அனுப்பும் திட்டு யார் திட்டியதாக ஆகும் என்று கேளுங்கள், சிரிப்பு அடங்கும்.

பிறர் படத்துக்கு அனுமதி கேள் என்று சொல்லிவிட்டு…

…அடையாள அட்டை பளிச்சென்று தெரிய மொத்த வகுப்பையும் படமெடுத்துப் பள்ளியின் பக்கத்தில் ஏற்றுவது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தின் மூலையில் வாங்கிய கையெழுத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

உறுதிமொழி அட்டை

இணையத்தில் ஒழுங்காக நடப்பேன் என்று பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்குவது வீண்.

"நல்ல பாஸ்வேர்ட் ஒன்று எழுதிக் காட்டு"

வீட்டில் பயன்படுத்தும் பாஸ்வேர்டையே எழுதிவிடுவார்கள். கேட்காதீர்கள்.